கரைக்கு வராத கப்பல்

1/
"டாக்டர் தம்பி, எல்லாம் சரி. இந்தக் கப்பல் கரைக்கு எப்படி வரும்?"

பிபி பார்க்க வந்த மண்டபத்தூர் பெரியவர் ஒருத்தர் என்கிட்ட கேட்ட கேள்வி இது. பதில் தெரியாம முழிச்சேன். அதைத் தேடப் போய் 400 வருஷம் பின்னாடி போயிட்டேன். கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
முதல்ல அது என்ன கப்பல்னு சொல்லிடறேன்.

மரத்துல மாடல் கப்பல் கட்டுறது என்னோட பொழுதுபோக்கு. இத்தாலி, ஸ்பெயின், டென்மார்க் கம்பெனிகள் இதுக்கான கிட் விக்கிறாங்க. பெட்டியைத் திறந்தா உள்ள கப்பல் இருக்காது. குச்சி, பலகைச் சீவல், நூல்கண்டு, குட்டிக் குட்டி பித்தளை பீரங்கி, பெரிய வரைபடம், அவ்வளவுதான். மிச்சம் நம்ம கையில.

3/
கட்டுற முறை நிஜக் கப்பல் மாதிரியேதான். முதல்ல அடிமரம், நம்ம ஊர் பாஷையில ஏரா. அதுக்குக் குறுக்கே விலா எலும்பு மாதிரி வரிசையா சட்டங்கள். அதுமேல மெல்லிசான பலகைகளை ஒண்ணொண்ணா ஒட்டணும். முன்பக்கம் வளையுற இடத்துல பலகை உடையும். அதனால தண்ணியில ஊறப்போட்டு, சூடு காட்டி, மெதுவா வளைக்கணும். அவசரப்பட்டா படக்குனு போயிடும்.

உடம்பு கட்டி முடிக்க ஒரு வருஷம். பாய்மரமும் கயிறும் இன்னொரு வருஷம். மாலுமிகள் ஏறுற நூலேணியில மட்டும் நூத்துக்கணக்கான முடிச்சு. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் தையல் போட்டுப் பழகின விரலும் இல்லேன்னா நான் பாதியில மூட்டை கட்டியிருப்பேன்.

4/
நான் கட்டினது 'வாசா'. ஸ்வீடன் ராஜாவோட போர்க்கப்பல். 64 பீரங்கி. மூக்கு மரத்தையும் சேர்த்து நீளம் 69 மீட்டர். 75-ல் ஒரு பங்கா சுருக்கினா என் மேசையில 92 சென்டிமீட்டர். அந்த அளவுல ஒரு மனுஷன் நம்ம கட்டைவிரல் நக உயரத்தைவிட கொஞ்சம்தான் பெருசு.

மண்டபத்தூர்ல உட்கார்ந்துக்கிட்டு ஸ்வீடன் கப்பல் எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. அது நம்ம கடலோட சம்பந்தப்பட்டது.

5/
மண்டபத்தூருக்கு வடக்கே கொஞ்ச தூரத்துல தரங்கம்பாடி. அங்க டேனிஷ்காரங்க கோட்டை இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க முதல் கப்பல் என்ன ஆச்சுன்னு பலருக்குத் தெரியாது.

1618-ல் டென்மார்க்கிலிருந்து 'ஓரெசுண்ட்'ங்கிற கப்பல் முன்கூட்டியே கிளம்பிச்சு. அதுக்குப் பொறுப்பு ரோலண்ட் கிராப்பே, ஒரு டச்சுக்காரர். பின்னாடியே ஓவே கெட்டே தலைமையில பெரிய அணி. வங்காள விரிகுடா வந்த ஓரெசுண்டை, 1619-ல் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர் தாக்கி அழிச்சாங்க. செத்தவங்க ரெண்டு பேரோட தலையைக் கடற்கரையில கழியில குத்தி வெச்சாங்களாம், அடுத்து வர்றவனுக்கு எச்சரிக்கையா.

நாம சாயந்திரம் காத்து வாங்கப் போற அதே கடற்கரை வரிசைதான்.

6/
கிராப்பேயும் ஒரு டஜன் சொச்சம் ஆட்களும் எப்படியோ கரை சேர்ந்தாங்க. அவங்களைப் பிடிச்சு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாங்க. அங்கே ஆட்சியில இருந்தவர் ரகுநாத நாயக்கர். பிடிபட்டவர் பேச்சுவார்த்தைக்காரரா மாறினார். 1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. தரங்கம்பாடி டேனிஷ்காரங்க கைக்குப் போச்சு. 1845-ல் பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டுக் கிளம்புற வரைக்கும் 225 வருஷம் இருந்தாங்க.

ஒரு கப்பல் உடைஞ்சதுல ஒரு ஊரோட தலையெழுத்து மாறிச்சு.

7/
டாக்டரா ஒரு நிமிஷம் குறுக்கே வர்றேன்.

பின்னாடி வந்த கெட்டேயோட அணி இலங்கை வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு மேல செத்துட்டாங்க. சண்டையில இல்ல, வியாதியில. அந்தக் காலக் கப்பல்களோட பெரிய எமன் ஸ்கர்வி. மாசக்கணக்கா காய்ந்த ரொட்டியும் உப்புக் கறியும்தான் சாப்பாடு, வைட்டமின் சி சுத்தமா கிடையாது.

நம்ம உடம்பைச் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு கொலாஜன். மூணு இழை முறுக்கின கயிறுன்னே வெச்சுக்கோங்க. அந்த முறுக்கு நிக்க வைட்டமின் சி வேணும். இல்லேன்னா ஈறு ரத்தம் கசியும், பல் ஆடும், எப்பவோ ஆறின காயம்கூட திறந்துக்கும். கட்டு அவிழ்ந்த மாதிரி.

8/
ஜேம்ஸ் லிண்ட்ங்கிற கப்பல் டாக்டர், 12 நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தவங்க தேறினதைக் காட்டினது 1747-ல். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறை எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பிச்சது 1795-ல். கெட்டேயோட ஆட்களுக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல லேட்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

9/
எனக்கு ஓரெசுண்டைத்தான் கட்டணும்னு ஆசை. ஆனா நான் தேடின வரைக்கும் அதுக்குக் கிட் கிடைக்கல. அந்தப் பத்தாண்டுல வட ஐரோப்பாவுல கட்டின கப்பல் எப்படி இருந்துச்சுன்னு தொட்டுப் பார்த்துச் சொல்ல நம்மகிட்ட இருக்கிற சிறந்த சாட்சி வாசாதான். அதனாலதான் வாசா.

அதோட கதை இன்னும் பரிதாபம். 1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். ஸ்டாக்ஹோம் துறைமுகத்துல சுமார் 1300 மீட்டர் போச்சு. காத்து அடிச்சது, சாய்ஞ்சது, பீரங்கி ஓட்டை வழியா தண்ணி ஏறிச்சு, மூழ்கிடுச்சு. சுமார் 30 பேர் பலி. மேல்பாரம் அதிகம், அதைத் தாங்குற அகலம் அடியில இல்ல.

10/
333 வருஷம் கழிச்சு, 1961 ஏப்ரல் 24 அன்னிக்கு வெளிய எடுத்தாங்க. கிட்டத்தட்ட முழுசா! மரத்துல செதுக்கின முகங்கள்கூட அப்படியே.

எப்படி? பால்டிக் கடல்ல உப்பு கம்மி, குளிர் ஜாஸ்தி. மரத்தைத் துளைச்சுத் தின்னுற கப்பல் புழு அங்க வாழாது.

வெளிய எடுத்தப்புறம் மரம் காய்ஞ்சு வெடிக்காம இருக்க 17 வருஷம் ஒரு திரவத்தைத் தெளிச்சாங்க. பேரு பாலிஎத்திலீன் கிளைக்கால். தெரிஞ்ச பேரா இருக்கா? மலச்சிக்கலுக்கும், கொலோனோஸ்கோபிக்கு முன்னாடி வயித்தைக் கழுவவும் நாங்க கொடுக்கிறது இதே குடும்பம்தான்!

11/
இப்ப பெரியவர்கிட்ட வர்றேன்.

கிளினிக்கோட உள் ரூம்ல வாசா இருக்கு. பிபி பார்த்துட்டுக் கிளம்பினவர், அதைப் பார்த்து நின்னுட்டார். வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. சின்ன வயசுலேயே கடலுக்குப் போனவர். ரொம்ப நேரம் பார்த்தார். குனிஞ்சு அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"அடி இவ்ளோ ஆழமா இருக்கே தம்பி. நம்ம கடல்ல அலை உடையுற இடத்துல தட்டிடாதா? இதுல வந்தவன் எப்படி எறங்குனான்?"

12/
ரெண்டு வருஷம் ஒவ்வொரு பலகையா ஒட்டினவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல.

வாசாவுக்குத் தண்ணிக்குக் கீழே கிட்டத்தட்ட 4.8 மீட்டர். நம்ம சோழமண்டலக் கடற்கரை மணல் சரிவு. கரைக்குப் பக்கத்துல ஆழம் கிடையாது, அலை மட்டும் வரிசையா உடையும். சென்னையிலேயே துறைமுகம் கட்டத் தொடங்கினது 1870-கள்ல. காரைக்கால்ல இப்ப இருக்கிற பெரிய துறைமுகம் வந்தது 2009-ல். அதுவரைக்கும் டேனிஷ் கப்பலோ, 1739-ல் காரைக்காலைப் பிடிச்ச பிரெஞ்சுக்காரன் கப்பலோ, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்க மட்டும்தான் முடியும்.

13/
அப்ப துணியும் மிளகும் கவர்னரும் பாதிரியும் பீரங்கியும் எப்படிக் கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்தாங்க?

நம்ம ஆட்களோட படகுல. ரெண்டு வகை. ஒண்ணு மசூலா. இன்னொண்ணு கட்டுமரம்.

14/
மசூலா ஒரு தையல் படகு. ஆணி கிடையாது. உள்ள விலாச் சட்டமும் கிடையாது. பலகை ஓரத்துல ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிறால தைப்பாங்க. தையலுக்கு அடியில நாரை வெச்சு அழுத்தி, இடுக்கை அடைப்பாங்க.

ஏன் ஆணி அடிக்கல? தெரியாமலா? இல்ல. அலையோட வந்து மணல்ல 'தொம்'னு விழுறப்ப, ஆணி அடிச்ச விறைப்பான ஐரோப்பியப் படகு உடையும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். வயித்துல தையல் போடறப்ப எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமும் இதான்: ரொம்ப இறுக்காதே, அசைய இடம் விடு.

15/
மசூலா அலையைத் தாண்டுறப்ப, பக்கத்துலேயே கட்டுமரமும் போகும். யாராவது தண்ணியில விழுந்தா தூக்கறதுக்கு. கட்டுமரம் கவுந்தாலும் மூழ்காது, புரட்டிப்போட்டு ஏறிக்கலாம். அதாவது அந்தக் காலத்து ஆம்புலன்ஸ்.

1669-லிருந்து 1679 வரை இந்தப் பக்கம் சுத்தின தாமஸ் பவ்ரிங்கிற ஆங்கில மாலுமி, ரெண்டையும் பத்தி எழுதி வெச்சிருக்கார். நம்ம 'கட்டுமரம்' இங்கிலீஷ்ல 'கேட்டமரான்' ஆச்சு. இன்னிக்கு ஐரோப்பாவுல அந்தப் பேருல ஓடுறது ரெண்டு உடம்பு ஒட்டின சொகுசுப் படகு. கட்டும் இல்ல, மரமும் இல்ல, பேரு மட்டும் நம்மளது.

16/
அடுத்த வாரம் மாத்திரை வாங்க வந்தப்ப பெரியவர்கிட்ட பதிலைச் சொன்னேன். சிரிச்சார். "அதான கேட்டேன். நாம இல்லாம அவன் எறங்க முடியாதே."

"தாத்தா, கட்டுமரம் ஒண்ணு இதே அளவுல செய்யலாமா? வரைபடம் எங்க கிடைக்கும்?"னு கேட்டேன்.

"வரைபடமா?" கையை நீட்டிக் காட்டினார். "இதான். சாண், முழம்."

17/
கேட்க வேடிக்கையா இருக்கலாம். ஆனா வாசாவும் அப்படிக் கட்டினதுதான்! அந்தக் காலத்துக் கப்பல் தச்சர்கள் வரைபடம் போடல. நீளம், அகலம்னு சில அளவு, மிச்சம் தலைமைத் தச்சரோட அனுபவம். கப்பல்ல கிடைச்ச அளவுகோல்கள் ரெண்டு விதம்: ஒண்ணு ஸ்வீடன் அடி, இன்னொண்ணு அதைவிடச் சின்னதான ஆம்ஸ்டர்டாம் அடி. ஆளுக்கொரு அளவுல வேலை செஞ்சிருக்காங்க.

என் கிட்டுல வந்த அழகான வரைபடம், கப்பலை வெளிய எடுத்தப்புறம், அதை அளந்து போட்டது.

18/
இங்கதான் எனக்கு உறைச்சது.

வாசாவுக்குக் காகிதம் இல்ல. ஆனா குளிர்ந்த கடல் அதைப் பத்திரமா வெச்சிருந்துச்சு, அளந்துக்கிட்டாங்க. நம்ம கடல் சூடு. கப்பல் புழு மரத்தைத் தின்னுடும். நம்ம கடலுக்கடியில 1619-ஓட மசூலா ஒண்ணு முழுசா காத்துக்கிட்டிருக்கப் போறதில்ல.

காகிதமும் கம்மி. மூழ்கின மரமும் மிஞ்சாது. மிச்சம் இருக்கிறது பெரியவர் மாதிரி ஆட்களோட கை மட்டும். அந்தக் கைக்கு 75 வயசு தாண்டிடுச்சு, கூடவே பிபியும் சுகரும்.

19/
2004 சுனாமியில அவரோட கட்டுமரம் போச்சு. அதுக்கப்புறம் நிவாரணமா வந்தது ஃபைபர் படகும் இன்ஜினும். குறை சொல்லல. அது வேகமா போகும், உழைப்பு கம்மி, வருமானமும் வேணும். அவர் பேரனும் அதுலதான் போறான். ஆனா மரத்தைத் தேர்ந்தெடுத்து, செதுக்கி, கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுற வேலையைச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாம போச்சு.

20/
ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்தோம். லேசான மரக் குச்சி நான் கொண்டுவந்தேன். நடுமரம் எவ்வளவு நீளம், ஓரமரம் எங்க முடியணும், அணியம் எப்படி மேல தூக்கணும்னு அவர் சொல்லச் சொல்ல நான் செதுக்கினேன். ஏழு தடவை "இல்ல"ன்னார். எட்டாவது தடவை ஒண்ணும் சொல்லல, வாங்கி ஓரமா வெச்சுக்கிட்டார்.

கட்டுறப்ப நான் சர்ஜன் முடிச்சு போட்டேன். அவர் அதை அவிழ்த்துட்டு வேற போட்டார். "உன் கட்டு அவிழாது தம்பி. இது அவிழணும். தினம் அவிழ்த்துக் கட்டுற மரம் இது."

21/
விரல் நடுங்குது அவருக்கு. ஆனா அந்த முடிச்சு போடுறப்ப நடுங்கல. ஃபோன்ல வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். நிஜ மரத்துக்கான அளவுகளை முழக்கணக்குல நோட்டுல எழுதி, அவர் முழத்தையும் டேப் வெச்சு அளந்து குறிச்சிருக்கேன்.

இப்ப என் மேசையில 92 சென்டிமீட்டர் வாசா. பக்கத்துல, அதே அளவுகோல்ல, 9 சென்டிமீட்டர் கட்டுமரம். முதல்ல பார்க்கிறவங்க எல்லாரும் வாசாவைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. நான் மத்ததைக் காட்டி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அவங்ககிட்ட கேக்கிறேன்.

22/
உங்க கிட்ட ஒரு விண்ணப்பம். கடலோரத்துல உங்களுக்குத் தாத்தா, பெரியப்பா, மாமா யாராவது இருந்தா, கட்டுமரம் கட்டினவரா, கரைவலைக்கு மசூலாவுல போனவரா, வலை பின்னினவரா இருந்தா, இந்த வாரமே போங்க. ஃபோனை வெச்சுட்டு "எப்படிச் செய்வீங்க"ன்னு கேளுங்க. முடிச்சு போடுறப்ப கையைக் கிட்டத்துல எடுங்க. அளவை அவர் வார்த்தையிலேயே எழுதுங்க.

அப்படியே பிபியும் ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்தது மசூலா. மரக் குச்சியில ஊசி நூல் வெச்சுத் தைக்கணும். ஞாயித்துக்கிழமை பெரியவர் வர்றார். அவரோட பிபி போன வாரம் 130/80. மாத்திரையைத் தவறாம போடுறார், ஏன்னா படகு முடியணுமாம்.