வன்பொருள் கண்டறிதல்

கணினிக்கு மின்சாரம் பாய்ந்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் ஏற்றப்பட்டு, அதன் முதற் கட்டளை நிறைவேறத் தொடங்கியதும், தன்னைச் சுற்றிலும் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளன, அவை எந்த முகவரியில் இருக்கின்றன, எந்தக் குறுக்கீட்டுத் தடத்தின் வழியே தன் கவனத்தைக் கோருகின்றன என்பவற்றை அது ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் அதனை இயக்கும் நிரலாகிய உரிய டிரைவரிடம் ஒப்படைக்கும் கிரியை வன்பொருள் கண்டறிதல் எனப்படும். யந்திரத்தைப் பற்றிய இந்த ஞானம் அதை நிர்வகிக்கும் மனிதனிடம் இருக்க வேண்டுமா, கெர்னலிடமா, அல்லது சாதனத்தினிடமேயா என்ற கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இதன் சரித்திரமாகும்.

எழுதி வைத்த பட்டியல்கள்: பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கிப் பின்னர் பிடிபி-11 யந்திரங்களில் வளர்ந்த யூனிக்ஸ் முறையில், இன்ன வட்டு, இன்ன நாடா, இன்ன முனையம் இருக்கிறது என்னும் செய்தியை நிர்வாகியே ஒரு பட்டியலாக எழுதி, அதனைக் கெர்னலோடு சேர்த்துத் தொகுத்தாக வேண்டியிருந்தது. ஒரு ஸ்தாபனத்தில் ஒரே யந்திரமும், அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்த ஒரு சிலரும் இருந்த காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. ஆனால் புதிய சாதனம் ஒன்று வந்து சேரும்போதெல்லாம் கெர்னலை மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. ஒரு யந்திரத்திற்காகத் தயாரித்த கெர்னல் மற்றொன்றில் இயங்குமென்ற உறுதியும் இல்லை.

சுய அமைப்பு: கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வாக்ஸ் கணினிகளுக்காக 1981 ஜூனில் வெளியிட்ட 4.1பிஎஸ்டி என்னும் பதிப்பில், ராபர்ட் எல்ஸ் எழுதிய சுய அமைப்பு நிரல் சேர்க்கப்பட்டது. சாதனங்கள் இருக்கக்கூடிய முகவரிகளின் பட்டியல் இதிலும் உண்டு; எனினும், அவை உண்மையில் இருக்கின்றனவா என்பதைக் கெர்னலே பரீட்சித்துத் தெளிந்தது. குறித்த முகவரியைப் படிக்க முயலும்போது, சாதனங்களை இணைக்கும் பொதுவழியாகிய பஸ்ஸில் பிழை எழுமாயின், அங்கே எதுவும் இல்லையென்று கொண்டது. பிழை எழாவிடில், அச்சாதனம் குறுக்கீடு ஒன்றை எழுப்பும்படி வேண்டுமென்றே தூண்டிவிட்டு, அக்குறுக்கீடு எந்தத் தடத்தில் வந்து சேர்கிறதென்று கவனித்து, அதையே அச்சாதனத்தின் தடமாகக் குறித்துக்கொண்டது. முன்கூட்டி எழுதி வைத்த செய்தியை நம்புவதற்குப் பதிலாகச் சாதனத்தின் நடத்தையிலிருந்தே உண்மையைப் பெறும் இவ்வுபாயம் பிற்கால முறைகளுக்கெல்லாம் வித்திட்டது. சாதனத்தைச் சோதிக்கும் பகுதி வேறு, அதனைச் சேர்த்துக்கொள்ளும் பகுதி வேறு என டிரைவரில் வகுத்த பாகுபாடும் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

ஊகத்தின் அபாயம்: 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியும், அதன் வழிவந்த ஐஎஸ்ஏ பஸ்ஸும் இந்தப் பிரச்சினையைக் கடினமாக்கின. விரிவாக்க அட்டைகளின் முகவரியும் குறுக்கீட்டுத் தடமும் அட்டையின் மேலுள்ள ஜம்பர்களாலும் சிறு சுவிட்சுகளாலும் கையினாலேயே அமைக்கப்பட்டன. இரண்டு அட்டைகள் ஒரே தடத்தைக் கோரினால் இரண்டுமே செயலற்றுப் போவதுண்டு. தான் யார் என்று அறிவிக்கும் பொது முறை எதுவும் இந்த அட்டைகளுக்கு இல்லாமையால், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் டிரைவர்கள் போர்ட்டுகள் எனப்படும் வழக்கமான உள்ளீட்டு வெளியீட்டு முகவரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது. இது, உள்ளே இருப்பவர் யாரென்று அறியாமல் தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிப் பார்ப்பதை ஒத்தது. வலைப்பின்னல் அட்டையைத் தேடிச் சென்ற டிரைவர் அதே போர்ட்டில் இருந்த வேறோர் அட்டையைக் குழப்பிக் கணினியையே ஸ்தம்பிக்கச் செய்துவிடலாமாகையால், இன்ன போர்ட்டுகளைத் தொடாதே என்று துவக்க வேளையில் கெர்னலுக்கு ஆணையிடும் வசதியும் தேவைப்பட்டது.

தம்மை அறிவிக்கும் சாதனங்கள்: இக்குழப்பத்திற்குப் பரிகாரம், அடையாளத்தைச் சாதனத்தினுள்ளேயே பதித்து வைப்பதாக இருந்தது. 1987-இல் பிஎஸ்/2 கணினிகளுடன் ஐபிஎம் கொணர்ந்த மைக்ரோ சேனல் பஸ்ஸில் ஒவ்வோர் அட்டையும் 16 பிட் அடையாள எண்ணைத் தாங்கி நின்றது. ஜம்பர்களுக்கு அங்கே வேலையில்லை. ஐஎஸ்ஏ பஸ்ஸுக்கென 1993-இல் வகுக்கப்பட்ட பிளக் அண்ட் பிளே விதிகள் இதனினும் நுட்பமானவை. ஒரே போர்ட்டில் எல்லா அட்டைகளும் ஒருங்கே கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொன்றின் 72 பிட் அடையாளமும் பிட் பிட்டாக வாசிக்கப்படும்; பிட் 1 ஆக உள்ள அட்டை பஸ்ஸில் சமிக்ஞை எழுப்பும்; 0 ஆக உள்ள அட்டை மௌனமாகக் கவனித்து, மற்றொன்றின் சமிக்ஞை கேட்டால் அந்தச் சுற்றிலிருந்து விலகிக்கொள்ளும். முடிவில் எஞ்சும் ஒரே அட்டைக்குத் தனி எண் வழங்கி ஒதுக்கிவிட்டு, ஏனையவற்றுக்காக இச்சுற்று மீண்டும் நடத்தப்படும்.

1992-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பிசிஐ பஸ் இவ்விஷயத்தில் தெளிவான வழியைத் திறந்தது. ஒரு பஸ்ஸில் 32 சாதனங்கள், ஒரு சாதனத்தில் 8 செயற்பிரிவுகள், மொத்தம் 256 பஸ்கள் என்று ஸ்தானங்கள் வரையறுக்கப்பட்டு, ஒவ்வொரு செயற்பிரிவுக்கும் 256 பைட் அமைப்புவெளி ஒன்று அளிக்கப்பட்டது. அதன் முதல் நான்கு பைட்டுகளில் உற்பத்தியாளரின் எண்ணும் சாதனத்தின் எண்ணும் இருக்கும். சாதனமே இல்லாத ஸ்தானத்தைப் படித்தால் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகத் திரும்பும். சாதனத்திற்கு எவ்வளவு முகவரிப் பரப்பு வேண்டுமென்பதை அறிய, அதன் முகவரிப் பதிவேட்டில் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக எழுதித் திரும்பப் படித்தால், மாற்ற இயலாத பிட்டுகள் 0 ஆகவே நின்று, தேவையான அளவைத் தெரிவித்துவிடும். ஒரு பஸ்ஸை மற்றொன்றோடு இணைக்கும் பாலம் எதிர்ப்பட்டால், கெர்னல் அதன் அப்புறமுள்ள பஸ்ஸுக்கு எண்ணிட்டு அதனுள்ளும் இவ்வாறே தேடிச் செல்லும். பிற்கால பிசிஐ எக்ஸ்பிரஸ் அமைப்புவெளியை 4,096 பைட்டாக விரித்ததேயன்றி இந்த அடிப்படையை மாற்றவில்லை.

பேசாத சாதனங்கள்: ஆயினும் கடிகாரங்கள், மின்னழுத்தச் சீராக்கிகள், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திகள் போன்று பலகையிலேயே பிணைக்கப்பட்ட உறுப்புகள் தம்மைத் தாமே அறிவிக்க மாட்டா. அவற்றுக்காக, யந்திரத்தைச் செய்தவரே அதன் விவரணத்தைக் கெர்னலுக்கு வழங்க வேண்டியதாயிற்று. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ விதிகளின்படி, தனிநபர் கணினியின் பலகையிலேயே பதிக்கப்பட்ட நிரலாகிய நிலைபொருள் இவ்விவரங்களைப் பட்டியல்களாகவும், கெர்னல் பொருள் கண்டு நிறைவேற்றும் சிறு நிரல்களாகவும் அளிக்கிறது. சன் நிறுவனத்தின் பணியிலிருந்து முளைத்து 1994-இல் ஐஇஇஇ தரமாக ஏற்கப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேர், யந்திரத்தின் உறுப்புகளையெல்லாம் கிளைவிட்ட மரமாக வருணித்தது. கைபேசிகளிலும் சிறு கருவிகளிலும் பரவிய ஆர்ம் யந்திரங்களில், ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கோப்பு லினக்ஸின் மூல நிரலிலேயே குவிந்து வந்ததை 2011-இல் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தபின், அந்தச் சாதன மரமே அங்கும் வழக்கிற்கு வந்தது. பழைய யூனிக்ஸ் நிர்வாகியின் பட்டியல் இவ்வாறு திரும்பி வந்ததெனினும், அது கெர்னலுக்கு வெளியே தனித்து நிற்பதால், ஒரே கெர்னல் பல பலகைகளில் இயங்குவது சாத்தியமாயிற்று.

தற்கால முறை: 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6, எல்லாப் பஸ்களையும் ஒரே சாதன மாதிரிக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு டிரைவரும் தான் ஏற்கும் சாதனங்களின் எண்களைப் பிரகடனம் செய்கிறது. சாதனம் தென்பட்டதும் அவ்வெண்ணை ஒப்பிட்டு உரிய டிரைவர் ஏற்றப்படுகிறது. தனக்கு வேண்டிய கடிகாரமோ மின்சாரமோ இன்னும் ஆயத்தமாகாத டிரைவர், பின்னர் மீண்டும் அழைக்குமாறு கோரும் ஏற்பாடு 2012-இல் 3.4 பதிப்பில் சேர்ந்தது. சாதனங்கள் சில வேளைகளில் தம்மைப் பற்றித் தவறாகவே அறிவிக்கின்றன என்பதும் அநுபவம் கற்பித்த பாடமாதலால், இன்ன எண்ணுடைய சாதனத்தின் இன்ன கூற்றை ஏற்காதே என்று கூறும் திருத்தப் பட்டியல்களையும் கெர்னல் தாங்கி நிற்கிறது. ஆகவே சாதனத்தின் வாக்கு, நிலைபொருளின் விவரணம், மனிதரின் அநுபவம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தெளிவதே இன்றைய கெர்னலின் வழியாகும்; அவற்றுள் மூன்றாவதான அநுபவம், எங்கோ ஒருவர் தம் யந்திரத்தின் பழுதைப் பொறுமையுடன் ஆராய்ந்து எழுதிய சில வரிகளால், அவரை அறியாத எண்ணற்றோரின் கணினிகளை அதே பழுதினின்றும் காத்துவருகிறது.