செவிலியின் ஊதியம்: வழக்கமும் வரையறையும்

பிறர் பிள்ளையைப் பேணுபவளுக்கு எவ்வளவு ஊதியம் தகும் என்னும் வினா புதியதன்று. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை நுணுகி ஆய்ந்துள்ளனர். மணவிலக்குப் பெற்ற தாய் தன் மகவுக்கே பாலூட்டினும் அதற்குரிய ஊதியத்தை அவளுக்கு அளிக்க வேண்டுமெனத் திருக்குர்ஆன் (65:6) பணிக்கிறது. செவிலியை அமர்த்துவோர் அவளுக்குரியதை நன்முறையில் கொடுத்துவிட வேண்டுமென மற்றோரிடத்தில் (2:233) கூறுகிறது. பரிவோடு செய்யும் பணியாயினும் அது கூலிக்குரிய உழைப்பே என்பது இவற்றால் பெறப்படும்.

கூலி இன்னதென முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா எனும் கூலி ஒப்பந்தத்தின் பொதுவிதி. செவிலியை உணவுக்கும் உடைக்கும் அமர்த்தினால் அவ்விதி நிறைவேறுவதில்லை. ஆதலின் இமாம் அபூயூசுஃபும் (மறைவு 798) இமாம் முஹம்மதும் (மறைவு 805) அதனை ஏற்கவில்லை. அவர்தம் ஆசிரியர் இமாம் அபூஹனீஃபாவோ (மறைவு 767) விதிவிலக்காக அனுமதித்தார். பிள்ளை மீதுள்ள பரிவினால் செவிலிக்குத் தாராளமாகக் கொடுப்பதே மக்கள் வழக்கம். எனவே கூலியின் தெளிவின்மை பூசலுக்கு இடம் தராது என்பது அவர் காட்டிய காரணம். இவ்விரு கருத்துகளையும் இமாம் மர்கீனானீ (மறைவு 1197) தம் ‘ஹிதாயா’வில் பதிந்துள்ளார்.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. அந்த அனுமதி தாராளம் என்னும் வழக்கத்தின் மீது நிற்கிறது. வழக்கம் கஞ்சத்தனமாக மாறிய இடத்தில் அனுமதியின் அடித்தளமே சரிகிறது. கூலியை வரையறுத்தே தீர வேண்டிய நிலை எழுகிறது.

நம் சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்வோம். தறி நெய்வோரின் கூலி பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்குண்டு. பிள்ளை பார்க்க வருபவளுக்கோ ‘பார்த்துக் கொடுப்போம்’ என்ற சொல்லே பெரும்பாலும் ஒப்பந்தம். நெய்த சேலையை எண்ணலாம். பேணிய பொழுதை அவ்வாறு எண்ண இயலாது. ஆகவே காலமே இதற்கு அளவுகோல்.

‘குழந்தை உறங்கும் நேரத்துக்கும் கூலியா?’ எனச் சிலர் வினவுவர். ஒருவருக்கென்றே குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவர் ‘அஜீர் காஸ்’ எனப்படுவார். அக்காலத்தில் அவர் தம்மை ஒப்படைத்துவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார். வேலை வாய்த்ததா இல்லையா என்பது பொருட்டன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையும், வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தை, நாட்டுச் சட்டங்கள் வகுக்கும் அளவில், வேலை நேரமாகவே கொள்ளச் சொல்கிறது.

பணியின் எல்லையும் தெளிவாக வேண்டும். வெளிப்படையாகப் பேசப்படாதவற்றில் வழக்கமே அளவு என்பார் ஹிதாயா ஆசிரியர். குழந்தையின் உணவு, துணி ஆகியவை செவிலியின் பொறுப்பில் வரலாம். வீட்டார் அனைவரின் பாத்திரங்களும் அதிலடங்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

தமிழக அரசு 2018இல் வீட்டுப் பணியாளருக்கு மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. இது அடிமட்ட எல்லையேயன்றி நீதியின் நிறைவன்று. ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்பது அதே பணிக்கு அவ்வூரில் ஒத்த திறனுடையோர் பெறும் கூலி. அவ்வூர்க் கூலியே சட்ட எல்லைக்குக் கீழே இருப்பின், அதனைச் சான்று காட்டித் தப்பிக்கலாகாது.

ஆகவே மணிக்கு இவ்வளவு, இன்னின்ன பணி என முதல் நாளே பேசி முடிப்பதே முறை. அதற்கு மேல் கொடுப்பது தாராளம். உரியதைக் கொடுக்காதவர் தாராளத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.