துவிச்சக்கரவண்டியும் பிரயாணப் பொதியும்

புகையிரத நிலையத்து மேடையிலே பிரயாணி ஒருவர் ரிக்கற்றும் கையுமாக நிற்கிறார். அவருடைய பெரிய தோற்பெட்டியைச் சுமைகூலி இழுத்துவந்து பொதிப்பெட்டியில் ஏற்றுகிறான். அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்து அவர் தமது துவிச்சக்கரவண்டியை உருட்டி வருகிறார். உத்தியோகத்தர் கையை நீட்டி மறித்து, அதற்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறார். தோற்பெட்டியின் நிறையில் மூன்றிலொரு பங்குகூட அந்த வண்டியில் இல்லை. ஆயினும் பெட்டி பிரயாணப் பொதி, வண்டி சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாள்தோறும் நிகழ்ந்த இச் சச்சரவு, ஈற்றில் நீதிமன்றத்தின் படியையும் சட்டசபையின் படியையும் ஏறியது.

துவிச்சக்கரவண்டியின் முதற் காலத்தில் இச் சச்சரவுக்கு அதிகம் இடமிருக்கவில்லை. அக்காலத்து வண்டியின் முன்சக்கரம் ஏறக்குறைய ஐந்தடி உயரம், பின்சக்கரமோ தட்டளவு. அதன்மேல் ஏறி அமர்ந்தவர்கள் பெரும்பாலும் செல்வமும் துணிவும் ஒருங்கே வாய்த்த இளைஞர்கள். புகையிரதக் கம்பனி கேட்ட சில்லறைக் காசு அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. 1885 இல் கொவென்ட்ரி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவினதாய், சங்கிலியால் இயங்கும் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின், பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லப் காற்றடைத்த றப்பர் வளையத்தைக் கொண்டுவந்தார். அதன் பின்னர் எழுதுவினைஞரும் பாடசாலை ஆசிரியரும் கடைச் சிப்பந்தியும் வண்டியேறினர், பெண்களும் ஏறினர். நகரத்தின் புகையையும் நெரிசலையும் புகையிரதத்திலே கடந்து, நாட்டுப்புற நிலையமொன்றில் இறங்கி, அங்கிருந்து மிதித்துச் சென்று மாலையில் வேறொரு நிலையத்தில் மீண்டும் புகையிரதம் ஏறுவது, வாரத்தில் ஒரேயொரு நாள் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைத்த புதுப்பேறு. இவர்களுக்குச் சில்லறைக் காசும் காசுதான். கட்டணத்தோடு வண்டியின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கவும் கம்பனி தயங்கியமையால் மனக்கசப்பு இரட்டித்தது.

பிரயாணப் பொதி என்பது யாது? இதற்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் முன்னரே விடை தேடியிருந்தன. 1869 ஆம் ஆண்டு வழக்கொன்றில், குழந்தை ஏறி ஆடும் வில்லுப் பொருத்திய மரக்குதிரை ஒன்று சாதாரணப் பொதியாகாது எனத் தீர்ப்பாயிற்று. (நீதிபதிகளின் வீட்டுக் குழந்தைகள் அத்தீர்ப்பை எவ்வாறு ஏற்றனரோ!) 1871 இல் மற்றொரு வழக்கு வந்தது. கனடாவிலிருந்து வந்து இலண்டனிற் குடியேற இருந்த ஒருவரின் பெட்டி காணாமற் போனது. அதனுள் அவர் அமைக்கவிருந்த வீட்டுக்கான படுக்கை விரிப்புகளும் கம்பளிகளும் இருந்தன. பிரதம நீதியரசர் கொக்பேர்ன் அப்போது கூறிய விளக்கம் நெடுங்காலம் நிலைபெற்றது. பிரயாணி ஒருவர், தாம் சேர்ந்த வகுப்பினரின் வழக்கத்துக்கும் தேவைக்கும் ஏற்ப, அப் பிரயாணத்தின் பொருட்டோ அதன் முடிவான நோக்கத்தின் பொருட்டோ, தம் சொந்த உபயோகத்துக்காக உடன்கொண்டு செல்வதே பொதி என்பது அதன் சாரம். வீடமைக்கும் கம்பளிகள் இவ்வரம்புக்கு வெளியே நின்றன; வழக்காளர் தோற்றார்.

இவ்விளக்கத்தில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. பொதியின் எல்லையைத் தீர்மானிப்பது மக்களின் வழக்கமாயின், வழக்கம் மாறும்போது எல்லையும் மாறத்தானே வேண்டும்? துவிச்சக்கரவண்டிக்காரர் பிடித்துக்கொண்டது இக் கேள்வியையே.

இதை முதலில் வெற்றிக்குக் கொண்டுசென்றவர்கள் அமெரிக்கர். 1880 இல் தொடங்கிய அமெரிக்கச் சக்கரவண்டியாளர் சங்கம், தொண்ணூறுகளின் இறுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் அங்கத்தவரைக் கொண்டதாய் வளர்ந்திருந்தது. வேட்பாளர்கள் அலட்சியஞ் செய்யத் துணியாத தொகை அது. அந்நாட்டுப் புகையிரதங்களில் ஒவ்வொரு பிரயாணிக்கும் 150 இறாத்தல் வரையிலான பொதியை இலவசமாகக் கொண்டுசெல்லும் வழக்கம் இருந்தது. ஊர் ஊராகச் செல்லும் வியாபாரப் பிரதிநிதியின் பாரமான பெட்டிகள் இலவசமாக ஏறும்போது, 25 இறாத்தல் வண்டிக்கு மட்டும் கட்டணமா என்று சங்கத்தார் கேட்டனர். கம்பனிகளின் மறுமொழியும் நியாயமற்றதன்று. பெட்டியின்மேற் பெட்டியை அடுக்கலாம். வண்டியின்மேல் எதனை அடுக்குவது? கம்பி ஒன்று வளைந்தாலும் உடையவர் நட்டஈடு கேட்பார். நிறையை மட்டும் பார்த்தால் வண்டி சிறிது. அது அடைக்கும் இடத்தைப் பார்த்தால் பெரிது. இன்றுவரை இவ்வாதத்தின் முடிச்சு இதுவே.

1896 இல் நியூயோர்க் மாநிலச் சட்டசபை, ஆம்ஸ்ட்ராங் சட்டம் என வழங்கிய ஒரு சட்டத்தினால் முடிச்சை வெட்டியது. துவிச்சக்கரவண்டி பிரயாணப் பொதியே எனச் சட்டம் பிரகடனஞ் செய்தது. வண்டியை மரச்சட்டத்தில் அடைக்கும்படியோ உறையிட்டு மூடும்படியோ பிரயாணியைக் கேட்கலாகாது. ஒருவருக்கு ஒரு வண்டிக்கு மேல் ஏற்றவும் கம்பனிக்குக் கடமையில்லை. வேறு சில மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. சட்டம் இயற்றாத இடங்களில் நிலைமை வேறாயிருந்தது. 1897 இல் மிசூரி மாநில நீதிமன்றம் ஒன்று, பழைய பொதுச் சட்டத்தின்படி துவிச்சக்கரவண்டி பொதியாகாது எனத் தீர்ப்பளித்தது.

நியூயோர்க் வெற்றியைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்லாது விடும் செய்தி ஒன்று உண்டு. அதே 1896 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க உயர் நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது. புகையிரதத்தில் வெள்ளையருக்கு ஒரு பெட்டியும் கறுப்பருக்கு வேறொரு பெட்டியும் என்று லூசியானா மாநிலம் வகுத்த சட்டம் செல்லும் என்பதே அத்தீர்ப்பு. வண்டிக்கு உரிமை கேட்டு முழங்கிய சக்கரவண்டியாளர் சங்கமோ, 1894 இலேயே வெள்ளையர் மட்டுமே அங்கத்தவராகலாம் என விதி செய்திருந்தது. 1899 இல் உலக வெற்றிவீரராகிய மேஜர் டெய்லர் என்னும் கறுப்பின ஓட்டவீரருக்குத் தம் நாட்டு வண்டியோட்டிகளின் சங்கத்திலேயே இடமிருக்கவில்லை. ஓர் இரும்புச் சட்டகத்தைப் பிரயாணியின் பிரிக்கவொண்ணா உடைமையாக மதித்த சமுதாயம், பிரயாணியையே பிரித்து வைத்தது. அச் சங்கம் தன் விதியை முறைப்படி நீக்கியது 1999 ஆம் ஆண்டிலேதான்.

இங்கிலாந்தில் வழக்கு வேறு திசையிற் சென்றது. 1899 இல் பெரிய வடபகுதிப் புகையிரதக் கம்பனிக்கு எதிராக பிரிட்டன் என்னும் பெயருடைய பிரயாணி தொடுத்த வழக்கில், துவிச்சக்கரவண்டி பிரயாணியின் சாதாரணப் பொதியாகாது எனத் தீர்ப்பாயிற்று. இத்தீர்ப்பைக் குறுகிய நோக்குடையதெனப் பழிப்பது எளிது. ஆயினும் நீதிபதிகள் தம் முன் இருந்த சட்டத்தையே படித்தனர். புதிய சட்டத்தை ஆக்கும் பொறுப்பு பாராளுமன்றத்துக்கு உரியது. பாராளுமன்றம் நியூயோர்க்கைப் பின்பற்றவில்லை. பிரித்தானியாவில் வண்டிக்குத் தனி ரிக்கற்று வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

விந்தை யாதெனில், உரிமை மறுக்கப்பட்ட அந் நாட்டிலேயே வண்டிகள் பெருந்தொகையாகப் புகையிரதமேறின என்பதே. காரணம், புகையிரதத்தின் கடைசியில் தொடுத்திருந்த 'கார்ட்' பெட்டி. தபால் மூட்டை, பத்திரிகைக் கட்டு, மீன் கூடை, கோழிக்கூடு ஆகியவற்றுக்காக அமைந்த விசாலமான அப் பெட்டியின் சுவரோரத்தில் துவிச்சக்கரவண்டிகளும் சாய்ந்து நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியில் பிரித்தானியப் புகையிரதப் பகுதியார் வண்டிக் கட்டணத்தைக்கூட நீக்கினர். ஆனால் துவிச்சக்கரவண்டி அங்கே தபாலுக்கும் பொதிகளுக்கும் ஒதுக்கிய வீட்டில் தங்கிய விருந்தாளியாகவே இருந்தது. சரக்குகள் லொறிகளுக்கு மாறியதும் அவ்வீடு தேவையற்றதாயிற்று. எண்பதுகளில் வந்த சிறிய டீசல் தொடர்களில் கார்ட் பெட்டி இல்லை. எந்தச் சட்டமும் விரட்டாத விருந்தாளியை, வீட்டை இடித்தே வெளியேற்றியதாயிற்று. கட்டணம் பற்றி ஒரு நூற்றாண்டு வாதாடியவர்கள் இடத்தைப் பற்றி யோசிக்காதிருந்தது பெருந்தவறு எனலாம்.

சட்டமும் இடமும் கைவிட்டபோது, வண்டியையே மாற்றினால் என்ன என்று எண்ணியவர்களும் இருந்தனர். மடிக்கும் வண்டி புதிதன்று. பிரெஞ்சுப் படையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனைப் பரீட்சித்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய வான்குடைப் படையினர் மடித்த வண்டியோடு குதித்தனர். 1975 இல் அன்ட்ரூ ரிச்சி என்னும் பொறியியலாளர், இலண்டனில் பிரொம்ப்டன் தேவாலயத்துக்கு எதிரேயிருந்த தமது வாசத்தலத்தில் அமர்ந்து, மூன்றாக மடிந்து கைப்பெட்டியளவாகும் வண்டியொன்றை வகுத்தார். தேவாலயத்தின் பெயரே வண்டிக்கும் ஆயிற்று. 1899 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இதைவிடப் பணிவான மறுமொழி வேறில்லை: வண்டியைப் பொதியாக ஏற்க மறுத்தீர்களன்றோ, இதோ பொதியாகவே வருகிறது. வித்தைக்காரர் ஓட்டும் ஒற்றைச் சக்கரவண்டி இவ்வகையிற் பாக்கியம் பெற்றது. அதை மடிக்க முடியாது, மடிக்கவேண்டிய தேவையுமில்லை. அக் காரணத்தாலோ என்னவோ, அதற்காக எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பீனிக்ஸ், சியாட்டில் முதலிய நகரங்களில் பஸ்ஸின் முகப்பில் இரண்டு வண்டிகளைத் தாங்கும் இரும்புத் தட்டு பொருத்தப்பட்டது. பின்புறத்தை விட்டு முன்புறத்தைத் தேர்ந்தமைக்கு எளிய காரணம் உண்டு: வண்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் சாரதியின் கண்ணுக்கு அது தெரியும். மூன்றாவதாக வருபவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வரலாற்றில் கம்பனி தானாக முன்வந்து கதவைத் திறந்த இடம் கொப்பன்ஹேகன். டென்மார்க் அரசின் புகையிரத நிறுவனம் 2010 இல் அந்நகர்ப்புறத் தொடர்களில் துவிச்சக்கரவண்டிக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. அத்துடன் நில்லாது, பெட்டியின் உள்ளமைப்பையும் மாற்றியது. நிலையான ஆசனங்கள் போய் மடக்கு ஆசனங்கள் வந்தன. வண்டிகள் நிற்பதற்கென இடம் வகுக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 21 லட்சமாயிருந்த வண்டிப் பிரயாணங்கள் சில ஆண்டுகளுள் 90 லட்சமாயின. வண்டியுடன் வந்தவர் தமக்குரிய ரிக்கற்றை வாங்கியே வந்தார் ஆதலின், வண்டிக் கட்டணத்தில் இழந்தது பிரயாணிகளின் பெருக்கத்தில் மீண்டது. நியூயோர்க் கம்பனிகள் 1896 இல் போட்ட கணக்கில் இந்த வரவு இடம்பெறவில்லை.

2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பிரயாணிகள் உரிமை விதி, இடத்தின் கேள்வியையே நேராகத் தொட்டது. புதிதாக வாங்கும் தொடர்களிலும், பெருமளவு திருத்தியமைக்கும் தொடர்களிலும் பொதுவாக நான்கு வண்டிகளுக்கேனும் இடம் இருக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி முதல் தொடங்கும் கொள்வனவுகளை அது கட்டுப்படுத்துகிறது. புகையிரதப் பெட்டி ஒன்று தண்டவாளத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடக்கூடியது. ஆகவே பழைய பெட்டிகள் யாவும் ஓய்ந்து, அந் நான்கு இடங்கள் எல்லாத் தொடர்களிலும் அமைவதைக் காண இன்றைய பிரயாணிகளுட் பலர் முதியவராகியிருப்பர்.