காஞ்சிபுரம் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியும் அதன் இளம் ஆசிரியர்களும்

காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி 1839-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837 ஏப்ரலில் சென்னை அரண்மனைக்காரத் தெருப் பகுதியில், 59 மாணவர்களோடு ஓர் ஆங்கிலப் பள்ளியைத் திறந்திருந்தார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். காஞ்சிபுரம் பள்ளி அதன் கிளை. செங்கல்பட்டு, நெல்லூர், திருவல்லிக்கேணி ஆகிய இடங்களிலும் அடுத்தடுத்துக் கிளைகள் அமைந்தன.

மிஷனின் பார்வையில் காஞ்சிபுரம் சாதாரண ஊர் அன்று. பெரிய காஞ்சிபுரத்தின் சிவாலயங்களும் சின்னக் காஞ்சிபுரத்தின் வரதராஜப் பெருமாள் கோயிலும் தென்னாடு முழுவதிலிருந்தும் யாத்திரிகர்களை ஈர்த்தன. வைகாசிக் கருட சேவைக்குக் கூடும் கூட்டத்தில் பிரசங்கம் செய்வதும் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் மிஷனரிகளின் வழக்கமாக இருந்தது. 1817-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் மேற்பார்வையில் நடந்தது. கிறித்தவ அரசு கோயிலை நடத்துவதா என்று மிஷனரிகள் எதிர்த்துவந்தனர். 1840-களின் தொடக்கத்தில் கம்பெனி அந்தப் பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கியது. பள்ளி வந்தது இந்த மாற்றத்துக்குச் சற்று முன்பு.

ஊருக்கும் ஒரு தேவை இருந்தது. கலெக்டர் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி, ஓலையில் படித்து, எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. எனவே கச்சேரி உத்தியோகத்தை எதிர்பார்த்த குடும்பங்களே மிஷன் பள்ளியை முதலில் நாடின. நெசவாளர் வீட்டு நிலை வேறு. உடலும் கரையும் தனித்தனி நாடாவால் கோக்கப்படும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். இரண்டாவது கை பெரும்பாலும் வீட்டுச் சிறுவனுடையது. தறியை விட்டு அவன் பள்ளிக்குப் போவது எளிதாக இருக்கவில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆசிரியர்கள் இளைஞர்கள். 1805-ல் பிறந்த ஆண்டர்சன் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. 1839-ல் ராபர்ட் ஜான்ஸ்டனும் 1841-ல் ஜான் பிரெய்ட்வுட்டும் அவரோடு சேர்ந்தனர். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வரப் பல மாதங்கள் பிடித்தன. ஊருக்குக் கடிதம் எழுதினால் பதில் வரவும் மாதங்கள் ஆயின. வெயிலும் காய்ச்சலும் ஓயாத வேலையும் உடம்பைத் தின்றன. ஜான்ஸ்டன் நோயாளியாகத் தாயகம் திரும்பி 1853-ல் இறந்தார். ஆண்டர்சன் 1855 மார்ச்சில், ஐம்பது வயது நிறையும் முன்பே, சென்னையில் மறைந்தார்.

இவர்களின் இருப்பிடம் சென்னை. காஞ்சிபுரம் ஏறக்குறைய 45 மைல் தொலைவு. ரயில் வரும்வரை பல்லக்கும் மாட்டுவண்டியுமே போக்குவரத்து. ஆகவே மிஷனரிகள் இடையிடையே வந்து மாணவர்களைச் சோதித்துவிட்டுத் திரும்பினர். கிளைப் பள்ளியின் அன்றாடப் பாரத்தைச் சுமந்தவர்கள், சென்னைப் பள்ளியில் பயின்று ஆசிரியர்களான உள்ளூர் இளைஞர்கள்.

மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடம் சொல்வது தமிழ்நாட்டுக்குப் பழகிய முறை. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை அந்த வேலையைத்தான் செய்தான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் இல்லத்தில் கையாண்டார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-ல் அவர் வெளியிட்ட நூலால் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டனெங்கும் பரவியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஸ்காட்லாந்து மிஷனும் அதே வழியில் தன் மாணவர்களை ஆசிரியர்களாக்கியது.

பாடத்திட்டத்துக்கு முன்மாதிரி, 1830-ல் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தொடங்கிய பள்ளி. ஆங்கில வாசிப்பு, இலக்கணம், கணக்கு, பூகோளம், வரலாறு ஆகியவற்றோடு பைபிளும் நாள்தோறும் உண்டு. பைபிளை விட்டுவிட்டு மற்றதைப் படிக்க முடியாது. மேல்நாட்டு அறிவு ஏறஏறப் பழைய நம்பிக்கை கழன்றுவிடும் என்பது டஃப் வழியினரின் கணிப்பு. பெற்றோரின் கணிப்பு வேறு: ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளலாம், மதத்தை விட்டுவிடலாம். இந்த இரண்டு கணிப்புகளுக்கும் நடுவில்தான் இளம் ஆசிரியன் வகுப்பில் நின்றான்.

மோதல் விரைவில் வந்தது. 1838-ல் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களைச் சென்னைப் பள்ளியில் சேர்த்தபோது பெற்றோர் எதிர்த்தனர். ஆண்டர்சன் அந்தச் சிறுவர்களை நீக்க மறுக்கவே, பல மாணவர்கள் விலகினர். 1841-ல் ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு என்ற மூன்று மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி பெரும்பாலும் காலியாயிற்று. மதம் மாறிய இளைஞனை வீடும் சாதியும் ஒதுக்கின. குடும்பச் சொத்தில் அவனுக்குரிய பங்கைச் சட்டம் காப்பாற்றியது 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் வந்த பிறகே. அந்த மூவரும் பின்னர் குருப்பட்டம் பெற்று மிஷனிலேயே பணிபுரிந்தனர்.

எதிர்ப்பு, மாற்றுப் பள்ளிகளையும் பிறப்பித்தது. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறச்சொத்திலிருந்து 1842-ல் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது; அங்கே ஆங்கிலம் உண்டு, பைபிள் இல்லை. காஞ்சிபுரத்திலும் பச்சையப்பன் பள்ளி வந்தது. பிற்கால முதலமைச்சர் அண்ணாதுரை படித்தது அந்தப் பள்ளியில்தான். மிஷன் பள்ளி இனித் தனிக்கடை அன்று. மாணவர்களைத் தக்கவைக்க நல்ல கல்வி தர வேண்டியிருந்தது.

1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது ஆண்டர்சன் குழு சுதந்திரத் திருச்சபையின் பக்கம் சென்றது. 1854-ஆம் ஆண்டின் ‘உட் கல்வி அறிக்கை’யின் பயனாகத் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியமும், அதோடு ஆய்வாளரின் சோதனையும் வந்தன. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்தை நிர்ணயித்தது. ஆசிரியனின் திறமையை மானியமும் தேர்வு முடிவும் அளக்கத் தொடங்கின. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் ஓடியது. தொலைதூரக் கிளை என்ற நிலை மாறியது.

மிஷனின் நோக்கமும் இளகியது. 1862-ல் 24 வயதில் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர், ஒவ்வொருவராக மதம் மாற்றுவதைவிடச் சமூகத்தின் சிந்தனையில் கிறித்தவ அறத்தைப் பரவச் செய்வதே கல்விப் பணி என்று வாதிட்டார். 1877-ல் உருவான சென்னைக் கிறித்தவக் கல்லூரியை இந்தக் கொள்கையோடு 1907 வரை நடத்தினார்.

ஆண்டர்சன் எதிர்பார்த்த மதமாற்றம் காஞ்சிபுரத்தில் நிகழவில்லை. ஊர் ஆங்கிலக் கல்வியை ஏற்றுக் கோயில்களையும் காத்துக்கொண்டது. நிலைத்து நின்றது பள்ளிக்கூடம். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் அது அச்சபையின் பள்ளியாயிற்று. ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் இன்றும் நடைபெற்று வருகிறது.