நுண்கட்டுப்படுத்திப் பலகையின் மின்வழங்கல் கோளாறுகள்

நுண்கட்டுப்படுத்திப் பலகையின் மின்வழங்கல் கோளாறுகள் என்பன, தனித் தேவைக்கென வடிவமைக்கப்பட்ட மின்சுற்றுப் பலகை ஒன்றில், நுண்கட்டுப்படுத்திக்கு நிலையான மின்னழுத்தம் கிடைக்காமையால் எழும் பழுதுகள் ஆகும். இவை பெரும்பாலும் நிரல் பிழை போலவே தோற்றம் தருவதால் பழுதின் இடம் எளிதில் புலப்படுவதில்லை.

செட்டியார்பட்டியை உள்ளடக்கிய இராசபாளையம் வட்டாரத்தில் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் மிகுதி. நெய்த மீட்டரைக் கணக்கிடும் பலகை ஒன்று, அருகில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது மறுதொடக்கம் அடைந்தால், சேமிக்கப்படாத எண்ணிக்கை அழிந்துவிடும். மீட்டர் கணக்கில் கூலி பெறுபவருக்கு இது சிறு பழுது அன்று.

== முதற்கட்டச் சோதனை ==
மின்சாரம் கொடுக்கும் முன்னரே, நேர்மின் தடத்திற்கும் நிலத் தடத்திற்கும் இடையிலான மின்தடையை மல்டிமீட்டரால் அளத்தல் வேண்டும். மின்தேக்கிகள் மின்னேற்றம் பெறுவதால் மீட்டர் ஒரு கணம் ஒலித்து அடங்கலாம். தொடர்ந்து ஒலித்தால் குறுக்குச்சுற்று உள்ளது. பின்னர் மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கியைக் கொண்டு இயக்கி, மின்னழுத்தத்தைச் சில்லின் கால்களிலேயே அளத்தல் வேண்டும். சீராக்கியின் வெளியீட்டில் மட்டும் அளந்தால், மெல்லிய தடத்திலும் சரியாகப் பற்றாத பற்றாசிலும் ஏற்படும் இழப்பு தெரியாது. சில்லின் எல்லா மின்வழங்கல் கால்களும் நிலக் கால்களும் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வோர் இணைக்கும் அருகில் 0.1 மைக்ரோ பாரடு மின்தேக்கி இருத்தல் வழக்கம்.

== வெப்பம் ==
7805 சீராக்கி 12 வோல்ட்டைப் பெற்று 5 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர் வழங்கினால், 1.4 வாட்டு வெப்பமாகிறது. வெப்பத்தகடு இல்லாத நிலையில் வாட்டுக்கு ஏறத்தாழ 65 பாகை வீதம் வெப்பநிலை 91 பாகை உயரும். கோடையில் 38 பாகை வெப்பமுள்ள கூடத்தில் இது 129 பாகை செல்சியசு ஆகி, 125 பாகை என்னும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மேலும் சூடேறினால் சீராக்கியின் உட்பாதுகாப்பு வெளியீட்டைத் துண்டிக்கும். இரவில் நன்றாக இயங்கி நண்பகலில் நின்றுவிடும் பலகையில் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

== மின்னழுத்தச் சரிவு ==
சில மில்லிநொடிகளே நீடிக்கும் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. அலைநோக்கியை இறங்குமுக விளிம்பில் தூண்டுமாறு அமைத்தே காண இயலும். 16 மெகா எர்ட்சில் இயங்கும் ஏடிமெகா 328பி சில்லுக்குக் குறைந்தது ஏறத்தாழ 3.8 வோல்ட்டு தேவை. அதன் தாழ்மின்னழுத்தக் கண்டறிவான் 1.8, 2.7, 4.3 வோல்ட்டு ஆகிய நிலைகளில் ஒன்றில் அமைக்கப்படலாம். இங்குப் பொருந்துவது 4.3 மட்டுமே. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது முடக்கப்பட்டே இருக்கும். முடங்கிய நிலையில் மின்னழுத்தம் சரிந்தால், சில்லு தவறான கட்டளைகளை நிறைவேற்றி நிலைநினைவகத்தையும் கெடுக்கக்கூடும். மறுதொடக்கத்தின் காரணத்தை எம்சியூஎஸ்ஆர் பதிவகத்தைப் படித்து அறியலாம்.

ஈஎஸ்பி32 போன்ற கம்பியில்லாத் தொடர்புச் சில்லுகள் அலைபரப்பும்போது திடீரென மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால், 500 மில்லி ஆம்பியரேனும் தரவல்ல மின்வழங்கல் பரிந்துரைக்கப்படுகிறது. எச்சரிக்கை வருகிறதே என்று கண்டறிவானை நிரலில் முடக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது பழுதை மறைக்குமேயன்றி நீக்காது.

== மறைமுக மின்வழங்கல் ==
மின்வழங்கல் இணைக்கப்படாமலேயே சில்லு இயங்குவதும் உண்டு. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனத்தில் 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் செயலி சோதிக்கப்பட்டபோது, அது செவ்வனே இயங்கியும் மின்னோட்டமானி சுழியையே காட்டியது. மின்வழங்கல் கால் இணைக்கப்படாமல், பிற கால்களின் பாதுகாப்பு டையோடுகள் வழியே கசிந்த மின்னோட்டத்திலேயே செயலி ஓடிக்கொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

இன்றைய பலகைகளிலும் இது நிகழ்கிறது. ஆளியை அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக எரிந்தால், கணினியுடன் இணைந்த தொடர்வரிசை வடம் வழியே மின்சாரம் நுழைகிறது எனக் கொள்ளலாம். வடத்தைக் கழற்றிவிட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். சமிக்ஞைக் கம்பியில் 1 கிலோ ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் இக்கசிவு பெரிதும் குறையும்.