பிறந்தநாள் யாருக்கு?

சேலத்தில் ஒரு நடுத்தரமான மண்டபம். ஒரு குழந்தைக்கு ஒரு வயது முடிகிறது. வாசலில் பேனர், உள்ளே பலூன், மேடையில் மூன்று அடுக்குக் கேக். ஒரு ஓரமாக மெல்லிசைக் குழு கீபோர்டு, தபேலா சகிதம் 'நாம் மூவர்' படத்துப் பிறந்தநாள் பாட்டை வாசிக்கிறது. (1966ல் வந்த படம். படம் மறந்துபோனாலும் பாட்டு மட்டும் மண்டபம் மண்டபமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது!) தாய்மாமன் மோதிரம் போடுகிறார். விழா நாயகனோ எதையும் கண்டுகொள்ளாமல் தூங்குகிறான்.

முன்வரிசையில் எழுபத்தைந்து வயசுக்கு மேலே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "உங்க பொறந்தநாள் என்னைக்குங்க அமுச்சி?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "அதாரு கண்டா சாமி? ஆடி மாசம்னு எங்கம்மா சொல்லும். அந்த வருசம் மழை நல்லா பேஞ்சுதாம்" என்பார். அவ்வளவுதான்.

ஒரே குடும்பம், ஒரே மண்டபம். ஒரு வயதுக்காரனுக்குப் பிறந்தநாள் இருக்கிறது, பாட்டிக்கு இல்லை. இது எப்படி நடந்தது? பிறந்தநாள் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று பலரும் சொல்வார்கள். கேக்கும் மெழுகுவர்த்தியும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். பிறந்தநாள் அப்படி இல்லை நண்பர்களே. அது தமிழில் ரொம்பப் பழசு. ஆனால் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை.

தொல்காப்பியத்தின் புறத்திணையியலிலேயே பிறந்தநாள் வந்துவிடுகிறது. அரசன் பிறந்த நாளில் கொண்டாடுவதற்குப் 'பெருமங்கலம்' என்று பெயர். பிற்காலத்தில் 'நாள்மங்கலம்' என்றார்கள். அன்று அரசன் வெள்ளை உடுத்துவானாம், அதற்கு 'வெள்ளணி' என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது உடையை அல்ல. அன்றைக்கு அரசன் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்கிறது இலக்கணம். அன்று கொலைத் தண்டனை கிடையாது, சிறையில் இருப்பவர்களை விடுவிப்பான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இப்போதெல்லாம் பிறந்தநாள்காரனுக்கு மற்றவர்கள் பரிசு கொடுக்கிறார்கள். அப்போது பிறந்தநாள்காரன்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்!

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2008ல் அறிஞர் அண்ணா நூற்றாண்டு விழா தொடங்கியபோது தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுதலை செய்தது. பத்து வருடம் கழித்து எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கும் கைதிகள் விடுதலையானார்கள். அரசாணை எழுதிய அதிகாரிகள் புறத்திணையியலைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் செய்தது பெருமங்கலம்தான்.

சரி, சேலம் நாமக்கல் பக்கம் வருவோம். இந்தச் சீமையின் பழைய அரசர்கள் இரண்டு பேரைப் புறநானூறு நன்றாகவே படம் பிடித்திருக்கிறது. ஒருவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி (தகடூர் என்பது தர்மபுரி, 1965 வரைக்கும் சேலம் மாவட்டம்தான்). நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கைக்குக் கிடைத்தபோது அதைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். வாழ்த்து அட்டையில் நாம் நீடூழி வாழ்க என்று எழுதிவிட்டுப் போகிறோம். அவன் ஆயுளையே எடுத்துக் கொடுத்தான்.

இன்னொருவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. இவனைப் பற்றிய வன்பரணர் பாட்டை (புறநானூறு 152) ஒரு நேரடிக் கச்சேரியின் வர்ணனை என்றே சொல்லலாம். பாடகர் குழு ஒன்று காட்டு வழியில் போகிறது. யாரோ ஒரு வேட்டைக்காரன் விட்ட ஒற்றை அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. பார்த்தால் சாதாரண வேடன் மாதிரி இல்லை. குழுத்தலைவர் உடனே விறலியரைக் கூப்பிட்டு, முழவை எடு, யாழைச் சரிசெய், தூம்பை ஊது, எல்லரியைத் தட்டு, ஆகுளியைத் தட்டு, பதலையின் ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாக அடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எண்ணிப் பாருங்கள், ஆறு கருவிகள். அந்தக் கடைசிக் கட்டளையைக் கவனியுங்கள். 'ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாக' என்று சொல்வதற்கு மேடையேறிப் பழகிய ஆள் வேண்டும். ரிகர்சல் இல்லாமல் காட்டு நடுவில் கச்சேரி தொடங்குகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் ஓரி வெட்கப்பட்டு நின்றான் என்கிறார் புலவர். பிறகு மான் கறியும் கள்ளும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான்.

அடுத்த பாட்டு (153) இன்னும் சுவாரஸ்யம். அதுவும் வன்பரணர் பாடியதுதான். ஓரியிடம் போன பாணர்கள் வெள்ளி நாரில் கட்டிய மணிக்குவளைப் பூக்களும் நகைகளும் யானைகளும் பெற்றார்கள். பசி போய்விட்டது. பசி போனதும் என்ன ஆயிற்று? ஆட முடியவில்லை, பாட்டே மறந்துபோய்விட்டது! புலவர் இதை ஓரிக்குப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார். ஆனால் படிக்கும்போது கொஞ்சம் திடுக்கென்கிறது. கச்சேரி செய்தவர்கள் பசிக்காகத்தான் இவ்வளவு நாளும் பாடினார்களா? பிறந்தநாள் மண்டபத்தில் கீபோர்டு வாசிப்பவர் பந்தி முடியும் வரை காத்திருந்து கடைசி இலையில் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஓரியின் கதை நன்றாக முடியவில்லை. மலையமான் காரி அவனைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அந்தப் பரிசும் பாட்டில்தான் இருக்கிறது.

சோழர் காலத்துக்கு வந்தால் பிறந்தநாள் கல்லில் ஏறிவிடுகிறது. ராஜராஜனுக்குச் சதயம், ராஜேந்திரனுக்குத் திருவாதிரை. தஞ்சைப் பெரியகோயிலில் நானூறு ஆடல் மகளிரும், அவர்களோடு நட்டுவனார்கள், பாடுவோர், கொட்டுவோரும் பெயர் பெயராகக் கல்வெட்டில் இருக்கிறார்கள். ஒரு பங்கு என்பது வருடத்துக்கு நூறு கலம் நெல். ஓரி மனம் போனபடி கொடுத்ததை ராஜராஜன் சம்பளப் பட்டியலாக மாற்றிவிட்டான் (காமர்ஸ் படிப்பவர்களுக்கு ராஜராஜனைத்தான் பிடிக்கும்). இன்றும் ஐப்பசிச் சதயத்தில் தஞ்சாவூரில் விழா நடக்கிறது. ஆனால் அதே காலத்தில் நெல்லை விளைவித்தவன் எந்த நட்சத்திரத்தில் பிறந்தான் என்று எந்தக் கல்லும் சொல்லாது.

அரசனுக்கு அடுத்து பிறந்தநாள் உள்ளவர் சாமி. நாமக்கல்லில் அதற்குப் பெரிய உதாரணமே நிற்கிறது. மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். மார்கழியில் அனுமன் ஜெயந்தி அன்று அவருக்கு 1,00,008 வடைகளால் மாலை சாத்துகிறார்கள். விடிவதற்கு முன்பே வரிசை ஊரைச் சுற்றி நிற்கும். பிறந்தநாள் பரிசு வடையாக வந்து, மறுபடி பிரசாதமாகக் கொடுத்தவர்கள் கைக்கே போய்விடுகிறது.

அப்படியானால் சாதாரண ஜனங்கள் எதைக் கொண்டாடினார்கள்? குடும்பம், பரிசு, பாட்டு மூன்றும் இந்தப் பக்கத்தில் எப்போதும் இருந்தன. பிறந்த நாளில் இல்லை, அவ்வளவுதான். மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் சீர்த்தட்டோடு மேளதாளத்தோடு வருவார். பெண் பெரியவளானால் சீர். கல்யாணத்துக்குச் சீர். எல்லாவற்றிலும் மொய் நோட்டு இருக்கும். இதைப் பரிசு என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டும். பற்றும் வரவும் தெளிவாக எழுதின கணக்கு அது. ஓரி கொடுத்தது திரும்பி வராத கொடை, மாமன் வைப்பது திரும்பி வரவேண்டிய மொய். ஜாதகம் எழுத வசதியுள்ள வீடுகளில் நட்சத்திரம் தெரியும். அங்கேகூட அறுபது ஆண்டுகள் சுற்றி, பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வரும்போதுதான் அறுபதாம் கல்யாணம், நாதஸ்வரம் எல்லாம். அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே!

மற்றவர்களுக்கு வயது என்பது சம்பவங்களின் கணக்கு. 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைப் போட்டுப் புரட்டியது. 1871 கணக்கெடுப்பை 1881 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் மாவட்டத்தில் சில லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். தப்பியவர்களுக்குப் பஞ்சத்துக்கு முன், பஞ்சத்துக்குப் பின் என்பதே நாட்காட்டி. அடுத்த தலைமுறைகளுக்கு 1934ல் திறந்த மேட்டூர் அணை அப்படி ஒரு அடையாளமானது.

வெள்ளைக்காரனும் இதைச் சரிசெய்துவிடவில்லை. 1792ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் செய்த முதல் பெரிய வேலை நிலத்தை அளப்பதுதான். ரயத்துவாரி முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது. வரி வரும் காடு ஏட்டில் ஏறியது. அந்தக் காட்டில் பிறந்த பிள்ளையின் தேதி ஏறவில்லை. பிறப்பைப் பதிவு செய்யும் சட்டங்கள் பின்னால் வந்தாலும் கிராமத்தில் பாதிப் பிறப்பு தப்பிவிடும்.

கடைசியில் பிறந்தநாளை ஊருக்குப் பங்கு வைத்தவர் பள்ளிக்கூட வாத்தியார்! பையனைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார். தொடவில்லை என்றால் அடுத்த வருடம் வா. தேதி? வாத்தியாரே கணக்குப் போட்டு மே, ஜூன் மாதத்தில் ஒன்றை எழுதிக்கொள்வார். அதனால்தான் ஒரு தலைமுறையே கோடை விடுமுறையை ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிறது. அந்த ஒரு வரி அவருடைய வாழ்க்கையை முடிவு செய்யும். அரசு வேலைக்கு வயது வரம்பு, ஓய்வுபெறும் நாள், பென்ஷன் எல்லாம் வாத்தியார் பேனாவில் இருந்து வந்ததுதான். ஒரு வருடம் கூட்டி எழுதியதால் ஒரு வருடச் சம்பளத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு அந்தப் பொய்த் தேதியும் இல்லை. அப்படி விடுபட்டவர்களில் பெண்கள்தான் அதிகம். முன்வரிசைப் பாட்டி அப்படி விடுபட்டவர்.

1969ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவம் பெருகியது. பிறந்த நேரம் நிமிஷத்தோடு தெரிந்தது. 2023ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வது முதல் பல காரியங்களுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். தூங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வயதுக்காரன் அந்த விதத்தில் ராஜராஜனுக்குச் சமம். அவன் பிறந்ததும் எழுத்தில் இருக்கிறது.

பாட்டிக்கும் ஒரு தேதி வந்துவிட்டது. ஆதார் எடுத்தபோது பிறந்த தேதி கேட்டார்கள். தெரியாது என்றதும் வயதை உத்தேசமாகக் கேட்டு, வருடத்தைக் கணக்கிட்டு, ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டார்கள். இப்படி ஜனவரி முதல் தேதிக்காரர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். சில வீடுகளில் பேரப்பிள்ளைகள் அன்றைக்கே கேக் வாங்கி வந்து வெட்டச் சொல்கிறார்கள். "இது நாம் பொறந்த நாளே இல்லையே சாமி" என்று சொல்லிக்கொண்டே பாட்டி வெட்டுவார். வேறு சில வீடுகளில், ஆடி என்று தெரிந்தால் போதும் என்று ஆடிப்பெருக்கு நாளையே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓரிக்கும் இதேதான் நடந்தது. அவன் எந்த நாளில் பிறந்தான் என்று எந்தப் புலவரும் பாடி வைக்கவில்லை. வருடாவருடம் ஆடி 18ஐ ஒட்டித்தான் கொல்லிமலை செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. சிலைக்கு மாலை போடுகிறார்கள். வில்வித்தைப் போட்டி நடக்கிறது. மேடை போட்டுக் கலைநிகழ்ச்சியும் உண்டு. கீழே சேந்தமங்கலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஜனங்கள் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, அருவியில் குளித்துவிட்டு, பலாப்பழத்தோடு இறங்கி வருகிறார்கள்.