மூன்று தாமதங்கள்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனவளின் நினைவாக வைப்பது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கிவைத்தால், இறக்காமலே போன அவளுடைய சுமை தீரும் என்பது நம்பிக்கை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகளிடம் நான் கேட்பதுண்டு: அவள் இறந்ததைக் கல் சொல்கிறது, எதனால் இறந்தாள் என்பதை யார் எழுதிவைத்தார்கள்? 'பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி' என்று சொல்லிப் பழகிய சமூகம் அந்தச் சாவை விதியின் கணக்கில் எழுதிவிட்டது.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் அதைக் காலத்தின் கணக்காக மாற்றினார்கள். பேறுகால மரணத்துக்கு இட்டுச்செல்லும் மூன்று தாமதங்களை அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். மருத்துவம் தேட முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். அதற்குள் வண்டி, மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், அவளுக்குப் பொருந்தும் இரத்தம் நான்கும் ஓரிடத்தில் கூட வேண்டும். நான்கும் ஒரே மாவட்டத்தில் வெவ்வேறு இடங்களில் இருந்தால் அவளுக்குப் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2004 முதல், 24 மணி நேரமும் அறுவைசிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் சீமாங் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் வந்தன. ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் விசாரித்து, நேரம் எங்கே கைநழுவியது என்று ஆராயும் முறை வலுப்பட்டது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2001-03இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்தியாவின் சராசரி 97.

இந்த வரலாற்றை அரசாணைகளின் வரலாறாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை. யாருக்கு எப்போது பிரசவம் என்று பதிவேட்டில் குறித்துவைக்கும் கிராம சுகாதாரச் செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியரும்தான் இந்தக் கண்ணிகளைக் கோத்துவைத்திருக்கிறார்கள். 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உயிர்காக்கும் வேலை நிரந்தரமாகத் தேவை, அதைச் செய்பவளுக்கு மட்டும் வேலை நிரந்தரமில்லை.

இரண்டாவது, மூன்றாவது தாமதங்களை அரசிடம் கேட்டுப் பெறலாம். முதல் தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. அவர் வரட்டும், மாமியாரைக் கேட்போம், விடியட்டும் என்று நேரம் கழிகிறது. 108க்கு அழைக்கக் காசு வேண்டாம். ஆனால் அழைக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். வலியில் கிடப்பவளின் சொல்லுக்கு அந்த அதிகாரம் நம் வீடுகளில் உண்டா?